பீட்ரூட் மேல் போட்ட பழி

குன்னூர்,
28.1.2002, திங்கட்கிழமை.

அன்பு மகன் சரத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அந்த ஊர்ப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அடுத்த வரியில் அம்மாவும் சுகம் என்று எப்போதும்போல் எழுதப் பேனாவை வைத்தேன், பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொய்யெழுதாதீங்க, இந்தக் கடுதாசி போடறதே அதைச் சொல்லத்தானே" என்று அதட்டினாள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணு. அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி இருக்கிறது. புற்றுநோய்க் கட்டிதான், சதையெடுத்துப் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை கோயமுத்தூரில் ஆபரேஷன். நாளை மதியம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மலை இறங்குகிறோம்.

பயப்படாதே என்று எழுதினால் மட்டும் பயப்படாமலா இருப்பாய். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறார்களே என்று உனக்குக் கோபம் வரும். அது என் யோசனை இல்லை, முழுக்க உன் அம்மாவின் திட்டம். "போன்ல சொன்னா அவன் அழுவான், அவன் அழுதா நானும் அழுவேன், நீங்க ரிசீவரை வெச்சுட்டு மோட்டுவளையைப் பாத்துட்டு நிப்பீங்க, பரீட்சையை உட்டுப்போட்டு அவன் ஏரோப்ளேன் ஏறீருவான். கடுதாசி போடுங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ளே நான் எந்திரிச்சு உக்காந்திருப்பேன்" என்றாள். ஆக, நீ இதைப் படிக்கும்போது ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தபால்காரரையே தனக்குச் சாதகமாக வைத்துக்கொள்கிற ஆளை நான் எங்கே மறுத்துப் பேச.

இது எப்படித் தெரியவந்தது என்பதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னால்தான் உன் அம்மா எப்படிப்பட்டவள் என்பது உனக்கும் புரியும். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தும் எனக்கு இந்த ரெண்டு மாதத்தில்தான் முழுசாகப் புரிந்தது. ஊர் நிலவரம் உனக்குத் தெரியும். பச்சைத் தேயிலை விலை விழுந்தது விழுந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. கோத்தகிரிப் பக்கம் சின்னச் சின்ன ஃபேக்டரிகள் பூட்டிக் கிடக்கின்றன. சனிக்கிழமையானால் எஸ்டேட் பங்களாக்களிலிருந்து ஜீப் அனுப்பி நம் பன்றிக்கறிக் கடையில் ஹாமும் பேக்கனும் சாசேஜும் வாங்கிப் போவார்களே, இப்போது அந்த ஜீப்புகள் வருவதில்லை, பாதிப் பங்களாக்களில் மேனேஜரே இல்லை. கேத்தியில் வடிவேல் மாமா பார்த்தார், இந்தத் தேயிலையைக் கிள்ளி என்ன ஆகப்போகிறது என்று செடியைப் பிடுங்கிவிட்டுப் பீட்ரூட் போட்டார். அவர் மட்டும் போட்டிருந்தால் பிழைத்திருப்பார், பக்கத்துக்காட்டுக்காரர்களுக்கும் அதே யோசனை வந்துவிட்டது. மண்டியில் கேட்க ஆளில்லை. மண்ணில் மக்கவிட மனசு வராமல் மூட்டை மூட்டையாக நம் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். ஆவணியிலிருந்து காலையில் பீட்ரூட் பொரியல், மத்தியானம் பீட்ரூட் சாம்பார், ராத்திரி பீட்ரூட் போட்ட சப்பாத்தி. ஆறுக்குட்டி நம் கடையை விட்டுப் போகாமல் இருப்பதே பெரிய விசுவாசம், அவனுக்கும் மத்தியானம் அதே சாப்பாடுதான்.

பீட்ரூட் தின்றால் மறுநாள் கக்கூஸில் சிவப்பாகப் போகும், அது மலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீயே சின்னப் பையனாக இருக்கும்போது செத்துப்போய்விடுவேன் என்று கத்திக்கொண்டு டவுசர் இல்லாமல் கடைக்கு ஓடி வந்தவன். வடிவேல் மாமா வீட்டில் எல்லாருக்கும் சிவப்பு, எனக்கும் சிவப்பு, அம்மாவுக்கும் சிவப்பு. இதில் யாரைச் சந்தேகப்படுவது. நடுவில் அவள் இளைத்தாள், படியேறினால் மூச்சு வாங்கினாள், அதற்கும் குளிர், வேலை, வயசு என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். பீட்ரூட் இல்லாத ஊரில் இருந்திருந்தால் முதல் வாரமே பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்போம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் அவளுக்கு மட்டும் ஏதோ தட்டியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பீட்ரூட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு நிறையப் போடுவாள், தன் தட்டில் மட்டும் வைக்க மாட்டாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அது கண்ணில் படவே இல்லை பார். ஒரு வாரத்துக்கு மேலாகியும் சிவப்பு நிற்கவில்லை. உடனே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குத் தானே போய்ச் சீட்டுப் போட்டு, டாக்டரிடம் விவரம் சொல்லி, கோயமுத்தூருக்குச் சீட்டெழுதி வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் சாசேஜுக்கு நூல் கட்டிக்கொண்டே, "ஏனுங்க, பாவம் அந்தப் பீட்ரூட்டு, அது மேலே பழி போட்டது போதும், எனக்கு ரத்தந்தான் போகுது" என்றாள். கை நிற்கவில்லை, நூல் ஓடிக்கொண்டே இருந்தது. விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் எல்லாம் மூலவியாதியாகத்தான் இருக்கும் என்றார்கள், ஒரு அம்மா கருணைக்கிழங்கு மசியலே செய்து கொண்டுவந்து கொடுத்தார். உன் அம்மா மசியலையும் சாப்பிட்டாள், கோயமுத்தூர் பஸ்ஸும் ஏறினாள். நானாக இருந்தால் மசியலோடு நிறுத்தியிருப்பேன்.

அங்கே பின்பக்கமாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் முழுக்க ஒரு மருந்துத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். லாட்ஜ் ரூமில் குடிப்பதும் ஓடுவதுமாக இருந்தவள் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கிறாள். "நான் எத்தனை குடலைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டுக் கழுவியிருப்பேனுங்க, இப்ப என்னுதைக் கழுவறாங்க" என்கிறாள். உனக்குத் தெரியும், சாசேஜுக்குத் தோலாகப் போடுகிற பன்றிக்குடலை உப்புப் போக அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நல்லது கெட்டது பார்ப்பது எப்போதும் அவள் வேலை, வேறு யார் கையிலும் விட மாட்டாள். மறுநாள் லேசான மயக்க ஊசிதான் போட்டார்களாம், டிவி மாதிரி ஒன்றில் உள்ளே இருப்பது தெரிந்ததாம். மற்றவர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். இவள் கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில், "டாக்டரம்மா, அந்த எடம் செரியில்லீங்க, எங்க கடையிலே இப்பிடி வந்தா நான் வெட்டி எறிஞ்சிருவேன்" என்றிருக்கிறாள். அந்த டாக்டரம்மா கண்டிப்பானவர், அதிகம் பேச மாட்டார், அவரே சிரித்துவிட்டு, "அதைத்தானுங்க நாங்களும் செய்யப்போறோம்" என்றாராம். வெளியே பெஞ்சில் விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவரே வந்து இதைச் சொன்னார். உன் அம்மாவைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்றால், எதற்காக வந்திருக்கிறோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

பிறகு என்ன தொழில், என்ன சாப்பாடு என்று விசாரித்தார். அங்கேதான் விஷயம் நம் கடைப்பக்கம் திரும்பியது. நான் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தபோது என்னைப் பெற்றவர், விற்கிறதை விற்றுக்கொள், வாயில் மட்டும் வைக்காதே என்று சத்தியம் வாங்கினார், கடை எனக்கே சொந்தமான பிறகும் அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது, என் நாக்கில் ஒரு துண்டு பட்டதில்லை. உன் அம்மா கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "தின்னு பாக்காத பண்டத்தை எந்த மூஞ்சியிலீங்க விக்கறது" என்று கேட்டுவிட்டு அந்தப் பொறுப்பைத் தான் எடுத்துக்கொண்டாள். அரைத்த கறியைத் தோலில் அடைக்கும் முன்பு ஒரு உருண்டை கிள்ளி, சின்ன வாணலியில் வாட்டி, உப்பு மிளகு பார்த்து அவள் தலையசைத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். வெடித்துப்போன சாசேஜ், ஹாமில் வெட்டித் தள்ளிய ஓரம், இதெல்லாம் விற்க முடியாது, வீட்டுக்குத்தான் வரும், எனக்கு ரசம் சோறு, உனக்கும் அவளுக்கும் அதுதான் தினப்படி கறி. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். உப்பு, வெடியுப்பு, புகை இதெல்லாம் போட்டுக் கெடாமல் வைக்கிற கறியைத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்குப் பெருங்குடலில் இந்த நோய் வருவது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று வெளிநாட்டு ஆராய்ச்சிகளில் சொல்கிறார்கள், முடிந்த முடிவாக இன்னும் சொல்லவில்லை, உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஒரு வாய் தின்னாதவர்களுக்கும் வருகிறது என்றார். நான் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதல் வரியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் அவள் செய்த காரியத்தைக் கேள். பங்களாக்காரர்கள் கைவிட்ட பிறகு நம் கடையை நிறுத்தி வைத்திருப்பது போர்டிங் ஸ்கூல் ஆர்டர் ஒன்றுதான், பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் சாசேஜ் போகிறது. நேராக அங்கே போய் மேட்ரன் ராஜகுமாரி அம்மாவைப் பார்த்து, இனிமேல் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற நாளுக்கு முட்டையோ சுண்டலோ போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க தங்கமணி, கடைக்காரங்க எல்லாம் இன்னும் கொஞ்சம் வாங்குங்கன்னுதான் வருவாங்க, நீங்க வாங்காதீங்கன்னு சொல்ல வந்திருக்கீங்களே" என்று கேட்டிருக்கிறார். இவள் தன் நோயைச் சொல்லியிருக்கிறாள், டாக்டர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. தேயிலை இப்படிக் கிடக்கிற நேரத்தில், ஆஸ்பத்திரிச் செலவு வாசலில் நிற்கிற நேரத்தில், இருக்கிற ஒரு கொம்பையும் வெட்டிவிட்டு வந்திருக்கிறாளே என்று கத்தினேன். முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்தவள், "தின்னு பாத்து நல்லாருக்குன்னு சொல்லித்தானுங்க இத்தனை நாளா வித்தேன். நல்லால்லைன்னு தெரிஞ்சா அதையும் நாந்தானே சொல்லோணும்" என்றாள். மறுநாள் கடைக்கு வருகிறவர்களிடம் நானே, ஆசைக்கு எப்போதாவது வாங்குங்க, பிள்ளைங்க டிபன் பாக்ஸுக்குத் தினமும் வேண்டாமுங்க என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வடிவேல் மாமா எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார். ஆனால் ராஜகுமாரி அம்மா வாரம் ஒருநாளுக்கு மாற்றியதோடு, மற்ற நாள் முட்டையையும் நம்மிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். வரும்படி குறைவுதான், ஆனாலும் கடை நடக்கும்.

இவ்வளவும் உனக்குத் தெரியாமலே முடித்துவிட வேண்டும், ஆபரேஷனும் முடிந்து நீ பரீட்சையும் எழுதிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அவள் முதல் உத்தரவு. பொங்கல் முடிந்து உன் கடிதம் வந்தது. சமைக்கச் சோம்பலாக இருக்கிறது, காலையிலும் சாசேஜ், ராத்திரியும் சாசேஜ், இந்த ஊரில் நூறு தினுசு கிடைக்கிறது, மிளகு மட்டும் அம்மா கைப்பக்குவம் இல்லை, தின்னும்போதெல்லாம் வீட்டு நினைப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா. அதை வாசித்துக் காட்டினேன். புற்றுநோய் என்று சொன்னபோது அசையாதவள் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க, எல்லாத்தையும் சொல்லிப்போடுங்க" என்றாள். உன்னைத் திட்ட வேண்டாம் என்றும் சொன்னாள். பழக்கிவிட்டவர்களே நாங்கள், உன்னை எங்கே திட்டுவது. இனிமேல் தினமும் வேண்டாம் சாமி. மனசு கேட்கவில்லை என்றால் என்றைக்காவது ஒருநாள் தின்றுகொள், மற்ற நாளுக்கு அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் நாலு விசில் விடு, கூட ஏதாவது ஒரு காயைப் போடு, அதற்கு எம்.எஸ். படிப்பெல்லாம் தேவையில்லை. காய் பீட்ரூட்டாக மட்டும் இருக்க வேண்டாம், உன் பங்கையும் சேர்த்து நானே தின்றாகிவிட்டது.

வியாழக்கிழமை, கட்டி இருக்கிற இடத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் நல்ல குடலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, முனைகளை இணைத்துத் தைப்பார்களாம். நோய் குடலோடு நின்றிருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்பது வெட்டி எடுத்ததைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். குடலோடு நின்றிருந்தால் நல்லபடியாகிவிடும், இல்லாவிட்டால் மேற்கொண்டு மருந்து ஏற்ற வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது. எனக்குப் பயம்தான் சரத்து. ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவளிடம் மருந்துக்குக்கூடப் பயம் இல்லை. இன்றைக்குக் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது, அதில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைக்கு நடந்து போய், ஆறுக்குட்டிக்கு எந்தக் கறி எத்தனை நாள் வைக்கலாம், எதை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, இப்போது நான் தனியாக இருக்கும் நாட்களுக்கென்று பூண்டு ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மாதிரி ஒரு மனுஷி எனக்கு வாய்த்தாளே என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இதைப் படித்ததும் கடைக்குப் போன் போடுவாய் என்று தெரியும். ஆறுக்குட்டி எடுப்பான், அவனுக்கு எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆபரேஷன் எப்படி நடந்தது என்று சொல்வான், அவன் உளறினால் கோபித்துக்கொள்ளாதே. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் நேரப்படி மத்தியானம், இங்கே அப்போது சாயங்காலம், உன் அறையிலேயே இரு. ஆஸ்பத்திரிக்கு எதிரே போன் பூத் இருக்கிறது, அம்மா நடந்துவந்து தன் குரலில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை புத்தகத்தைப் பார், கிளம்பி வராதே, அவள் கேட்டது அது ஒன்றுதான். மறக்காமல் இன்னொன்றையும் செய். அங்கே டாக்டர் யாரிடமாவது அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயதில் இந்த நோய் வந்ததைச் சொல்லி வை. உன் வயதுக்கு இப்போது ஒன்றும் வேண்டாமாம், ஆனால் நாற்பது தொடுவதற்கு முன்பே நீயும் ஒருமுறை குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எப்போதாவது ரத்தம் கண்டால் அன்றைக்கே போ, எங்களைப் போல் எதன் மேலாவது பழி போட்டுக்கொண்டு இருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். முருகன் துணையிருப்பான், நீ நூறு வருஷம் நல்லாயிருக்க வேண்டும். கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னாள் அம்மா, விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மையே வேண்டும்,
அப்பா
கருணாகரன்

சரத்துக் கண்ணு, அப்பா எழுதுனதைப் படிச்சேன். என்னைப் பெரிய தைரியசாலின்னு எழுதி வெச்சிருக்காரு. எனக்கும் பயமாத்தான் கண்ணு இருக்குது, ரொம்பப் பயமா இருக்குது. அதை நான் காட்டுனா அவரு சோறு திங்க மாட்டாரு. யார்கிட்டயாச்சும் ஒருதடவை சொல்லோணும்னு இருந்துச்சு, உங்கிட்டச் சொல்லீட்டேன். நல்லாப் பரீட்சை எழுது. கவரை நானே ஒட்டிக்கறேன்.

அம்மா